ஒரு விரல் இடைவெளி

மன்னிக்கணும், ஒட்டுக்கேக்கறது என் பழக்கம் இல்லை. ஆனா உங்க வீட்டுக்காரர் போன்ல பேசினது இந்தப் பெட்டி முழுக்கக் கேட்டது. "வேன் பனிக்கு ரெடியா? உள்ள காத்து வராதே?" அந்தப் பக்கத்து ஆள் "எல்லாம் ரெடி சார்"னு சொல்லியிருப்பான். இவரும் போனை வெச்சுட்டு, குழந்தையைக் கட்டிக்கிட்டு மேல ஏறிப் படுத்துட்டார். ரெடின்னா என்ன ரெடின்னு ஒரு வார்த்தை கேட்டாரா? கேக்கலை. ஆம்பளைங்க கேக்க மாட்டாங்க. அதான் உங்ககிட்ட சொல்றேன். நாக்பூர் இப்பதான் தாண்டியிருக்கு. டெல்லி நாளைக்குக் காலைலதான். எனக்கும் வேற வேலை இல்லை.

சக்கரத்துக்குச் செயின் இருக்கான்னு கேளுங்க. இருக்குன்னா நம்பாதீங்க, வெளிய எடுத்துத் தரையில விரிச்சுக் காட்டச் சொல்லுங்க. அந்த வண்டிச் சக்கரத்துக்கு ஏத்த அளவான்னு பாருங்க. ரேடியேட்டர்ல வெறும் தண்ணி இருக்கக்கூடாது, கூலன்ட் இருக்கணும். தண்ணி உறைஞ்சா எஞ்சினே வெடிக்கும். கீழ சமவெளியில போட்ட டீசல் மேல போனா மெழுகாட்டம் கெட்டியாயிடும், அதுக்கு அவங்க என்னமோ கலப்பாங்க, கலந்தாச்சான்னு கேளுங்க. ராத்திரி நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக் போடக்கூடாது. போட்டா காலைல பிரேக் ஒட்டிக்கிட்டு வண்டி நகராது. கியர்ல விட்டுட்டு, சக்கரத்துக்குக் கல்லு வெக்கணும். வைப்பரைக் கண்ணாடியில படாம தூக்கி விட்டுடணும்.

இதெல்லாம் இந்தப் பொம்பளைக்கு எப்படித் தெரியும்னுதானே பாக்கறீங்க? நான் கார்கூட ஓட்டினதில்லை. பொள்ளாச்சியில வீடு, தோப்பு, சமையல், ஒரே பையன். அவன் பெங்களூர்ல. ஆனா ஒரு வேனைப் பனிக்குத் தயார் பண்றது எப்படின்னு அஞ்சு நாள் பக்கத்துல நின்னு பார்த்திருக்கேன். பார்த்தது மட்டும் இல்லை, பாதி வேலை நான் செஞ்சது. வெளி வேலை டிரைவரோடது. உள் வேலை முழுக்க என்னோடது.

எங்க வீட்டுக்காரர் பேர் மகுடபதி. பொள்ளாச்சியில சின்னதா ஒரு டிராவல்ஸ். பழனி, ராமேஸ்வரம்னு ஆரம்பிச்சு காசி வரைக்கும் ஆளுங்களைக் கூட்டிட்டுப் போவார். கூடவே ஒரு சமையல்காரர், நம்ம ரசம், நம்ம சாம்பார். போன வருஷம் அவருக்குத் திடீர்னு ஒரு யோசனை. நம்ம ஆளுங்களுக்குப் பனி காட்டணும். ஜனவரியில, நல்ல பனியில. மணாலியிலேயே ஒரு பழைய வேனை வாங்கிப் போட்டார். முதல் பார்ட்டிக்குப் பன்னெண்டு பேர் புக் பண்ணியாச்சு. அதுக்கு முன்னாடி டிசம்பர்ல நாம ரெண்டு பேரும் போய் வண்டியைத் தயார் பண்ணி, ஒரு தடவை மேல ஏறிப் பார்த்துட்டு வந்துடலாம்னார். "வத்சி, உனக்குத்தான் ஹிந்தி வருமே, நீயும் வா"ன்னார். எனக்கு ஹிந்தி நல்லா வரும். எழுதப் படிக்க எல்லாம். கான்வென்ட்ல ஹிந்தி டீச்சர் ரூலர் வெச்சுச் சொல்லிக்கொடுத்தது.

டிரைவர் அந்த ஊர்க்காரன். துனி சந்த்னு பேர். அம்பது வயசு இருக்கும். நம்ம ஊர் பார்ட்டிகளை ஏத்தி ஏத்திக் கொஞ்சம் தமிழ் வேற. அதுல மரியாதையே கிடையாது. "அம்மா, நீ உக்காரு. நீ சாயா குடி"ம்பான். நீயா! எங்க வீட்டுக்காரருக்கு ஒரே சிரிப்பு. "அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவன் அப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கான், விடு"ன்னார். எதையும் விடு விடுன்னுதான் சொல்வார் மனுஷன்.

ஆனா மெதுவுன்னா மெதுவு அப்படி ஒரு மெதுவு அந்த துனி சந்த். ஒரு செயினை மாட்டிப் பாக்கறேன்னு அரை நாள். மாட்டுவான், பத்தடி ஓட்டுவான், இறங்குவான், கழட்டுவான், இன்னொரு கண்ணி தள்ளி மாட்டுவான். சாயங்காலம் ஆனா வண்டியைக் கிழக்கு பார்த்துத் திருப்பி நிறுத்துவான், காலை வெயில் எஞ்சின்ல படணுமாம். பேட்டரியைக் கழட்டித் தூக்கிட்டுப் போய்த் தன் ரூம்ல அடுப்புக்குப் பக்கத்துல வெச்சுக்குவான். "உன் பொண்டாட்டி எங்கய்யா படுப்பா?"ன்னு ஹிந்தியில கேட்டேன். "அவளுக்குக் குளிராது மேடம்ஜி, பேட்டரிக்குத்தான் குளிரும்"ன்னான். சிரிக்காம சொன்னான்.

எங்க வீட்டுக்காரர் முதல் நாளே ஒரு காரியம் பண்ணினார். ரேடியேட்டரைத் திறந்து பார்த்தார், கொஞ்சம் குறைவா இருந்தது. கையில இருந்த குடிதண்ணி பாட்டிலை அப்படியே ஊத்திட்டார். ஊர்ல முப்பது வருஷமா அப்படித்தானே. துனி சந்த் ஓடி வந்து தலையில கை வெச்சுக்கிட்டான். ஒரு வார்த்தை திட்டலை. அடியில படுத்து எல்லாத்தையும் வடிச்சுட்டுப் புதுசா ஊத்தினான். இவர் பக்கத்துலயே குத்துக்கால் போட்டு உக்காந்துக்கிட்டு, "தப்புப் பண்ணிட்டேன்ப்பா, தப்புப் பண்ணிட்டேன்"னு நாலு தடவை சொல்றார். டிரைவர்கிட்ட. எனக்கு மானம் போச்சு. "அதுக்கு எதுக்கு இத்தனை தடவை?"ன்னேன். "பண்ணினா சொல்லணுமில்ல வத்சி"ன்னார்.

சரி, நான் செஞ்ச வேலைக்கு வரேன்.

நான் குன்னூர்ல பத்து வருஷம் ஹாஸ்டல்ல இருந்து படிச்சவ. குளிரைப் பத்தி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். எங்க டார்மிட்டரியில நாப்பது கட்டில், பதினாறு ஜன்னல். மூடுபனி நேரா உள்ள வந்து கட்டில்ல படுத்துக்கும். சிஸ்டர் பெர்னடெட் சனிக்கிழமை சனிக்கிழமை பழைய நியூஸ்பேப்பரை நனைச்சு முறுக்கி ஜன்னல் இடுக்குல அடைக்கச் சொல்வாங்க. அப்புறம் மெழுகுவத்தியை ஏத்திக்கிட்டு ஒவ்வொரு ஜன்னலா வருவாங்க. சுடர் ஆடினா அந்தப் பொண்ணு மறுபடி அடைக்கணும். என் ஜன்னல்ல ஒருநாளும் சுடர் ஆடினதில்லை. நாப்பது பொண்ணுங்க முன்னாடி, "லுக் அட் வத்சலாஸ் விண்டோ"ம்பாங்க. அதை மறக்க முடியுமா?

அந்த வேன்ல ஒவ்வொரு ஜன்னலும் சல்லடை. கண்ணாடி தள்ளுற வழியில ரப்பர் கிடையாது. மேல கூரையில காத்துக்கு ஒரு மூடி, அது சரியா உக்காராது. எனக்கு இது போட்டோல பார்க்கும்போதே தெரியும். அதனால ஊர்லயே தயாராயிட்டேன். எங்க தோப்புல ரெண்டு இலவ மரம் இருக்கு. பழைய நூல் புடவை ஏழு எடுத்து, நீளம் நீளமாக் கிழிச்சு, உள்ள இலவம்பஞ்சு அடைச்சு, பாம்பு மாதிரி உருளை உருளையாத் தைச்சேன். பதினெட்டு உருளை. அங்க போய் ஒவ்வொரு ஜன்னல் வழியிலயும் ஸ்பூன் காம்பால குத்திக் குத்தி அடைச்சேன். கூரை மூடியைச் சுத்தி டேப் போட்டு, மேல ஃபோம் ஷீட் ஒட்டினேன். விரல் நுனி வெடிச்சு ரத்தம் வந்தது. யாருக்காக? அவருக்குக் காது வழியா குளிர் ஏறினா அன்னிக்கே சளி கட்டும், சளி கட்டினா ஒரு மாசம் இருமுவார். இருபத்தெட்டு வருஷம் அந்த மார்ல தைலம் தேச்சவ நான்.

அஞ்சாம் நாள் உள்ள மெழுகுவத்தி ஏத்தினேன். சுடர் ஊசி மாதிரி நின்னது.

துனி சந்த் கதவைத் திறந்து அதைப் பார்த்தான். பாராட்டுவான்னு நினைச்சேன். மூஞ்சி தொங்கிப்போச்சு. "மேடம்ஜி, கீழ ஓட்டை இருக்கு"ன்னான்.

கடைசி சீட்டுக்கு அடியில தரைத் தகடு துருப்பிடிச்சு உள்ளங்கை அளவு போயிருந்தது. வெல்டிங் பண்ணணும்னு முதல் நாளே சொல்லியிருந்தான். வெல்டர் கடையில கரண்ட் இல்லை, நாளைக்கு வரும், நாளன்னிக்கு வரும்னு இழுத்துக்கிட்டு இருந்தது. நான் கனமா ஒரு சணல் மிதியடியும், அதுக்கு மேல கார்ப்பெட்டும் போட்டுட்டேன். ஓட்டை இருக்கிறதே தெரியலை. அவன் சொல்றான்: "புகைக்குக் கார்ப்பெட் தெரியாது மேடம்ஜி. சைலன்சர் பின்னாடி பனி அடைச்சா புகை வண்டிக்கு அடியிலதான் தேங்கும். கீழ வழி இருக்கு, வரும். மேல எல்லாத்தையும் நீங்க மூடிட்டீங்க. அது எங்க போகும்?"

எங்க வீட்டுக்காரர், "ஒரு நாள் இருந்து வெல்டிங் பண்ணிட்டே போலாமே வத்சி"ன்னார். நான் விடலை. அஞ்சு நாளா இவன் செயினை மாட்டிக் கழட்டறதைப் பார்த்தாச்சு. திரும்பி வர டிக்கெட் எடுத்தாச்சு. ஒரு வெல்டருக்காக இன்னும் எத்தனை நாள் உக்காந்திருக்கிறது? "போய்ட்டு வந்து பண்ணிக்கலாம்"னேன். அவர், "சரி, விடு"ன்னார்.

அப்போ துனி சந்த் ஒரு காரியம் பண்ணினான். அடுப்புக்கு வெச்சிருந்த தேவதாரு விறகுல ஒரு சிம்பு உடைச்சு, கத்தியால சீவி, ஒரு விரல் கனத்துல ஒரு துண்டு செஞ்சான். கடைசி ஜன்னல்ல என் உருளையை உருவிட்டு, கண்ணாடி ஓடுற வழியில அதைச் செருகினான். இப்போ கண்ணாடி முழுசா மூடாது. ஒரு விரல் இடைவெளி நிக்கும். என்னைப் பார்த்துத் தமிழ்ல சொன்னான், எனக்கு ஹிந்தி தெரியுங்கறதையே மறந்துட்டு: "அம்மா, இது மூடாது. எஞ்சின் ஓடுது, ஆளு உள்ள, அப்போ இது திறந்து. எப்பவும் ஒரு விரல். சரியா?" அங்க எல்லா டிரைவரும் அப்படித்தான் வெப்பாங்களாம். சரின்னேன். அந்த நேரத்துக்குச் சரின்னேன்.

மறுநாள் காலைல ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். பதினோரு மணிக்குப் பனி விழ ஆரம்பிச்சது. அழகுதான், இல்லைன்னு சொல்லலை. இவர் சின்னப் பையனாட்டம் கண்ணாடியில மூக்கை ஒட்டிக்கிட்டு, "வத்சி, நம்ம இலவம்பஞ்சு காய் வெடிச்ச மாதிரியே இருக்கு பாரு"ன்னார். ஒரு மணிக்கெல்லாம் வண்டி நின்னுபோச்சு. முன்னாடி கண்ணுக்கு எட்டின வரைக்கும் வண்டி. பின்னாடியும் வண்டி. மேல எங்கயோ ஒரு பஸ் குறுக்கால வழுக்கி நிக்குதாம். டிரைவருங்க எல்லாரும் மண்வெட்டி எடுத்துக்கிட்டுப் போறாங்க. துனி சந்தும் கிளம்பினான். போறதுக்கு முன்னாடி பின்னாடி வந்து அந்த மரத்துண்டை அழுத்திப் பார்த்தான். ஹீட்டருக்காக எஞ்சின் ஓடட்டும், ஆனா கால் மணிக்கு ஒரு தடவை யாராவது இறங்கி சைலன்சர் பின்னாடி பனியைத் தள்ளிவிடணும்னு சொல்லி இன்னொரு மண்வெட்டியை வாசல்ல வெச்சான். "நாங்க என்ன கூலியாளா?"ன்னேன். இவர், "நான் பாத்துக்கறேன்ப்பா, நீ போ"ன்னார்.

ரெண்டு தடவை இறங்கினார். ரெண்டாம் தடவை ஏறும்போது பல்லு தந்தி அடிக்குது, இருமல் ஆரம்பிச்சாச்சு. "போதும், உங்க வீரம் எல்லாம் போதும்"னு கடைசி சீட்ல நீட்டிப் படுக்க வெச்சேன். குரங்குக் குல்லா போட்டு, காதுல பஞ்சு வெச்சு, ரெண்டு ரஜாயைப் போத்தினேன். அப்பவும் இருமறார். பார்த்தா, அந்த ஒரு விரல் இடைவெளி வழியா ஈட்டி மாதிரிக் காத்து, நேரா அவர் நெத்திப்பொட்டுல இறங்குது. ரஜாய் மேல பொடிப் பொடியாப் பனி. யாருக்குப் பொறுக்கும்? நீங்களா இருந்தா பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பீங்களா?

மரத்துண்டைப் பிடுங்கி வெளிய போட்டேன். கண்ணாடியை இழுத்து மூடி, என் உருளையை மறுபடி அடைச்சேன். காத்து நின்னது. இருமலும் நின்னது. அவர் கண்ணைத் திறந்து, "இப்பதான் வீடு மாதிரி இருக்கு வத்சி"ன்னார். அவர் சொன்னதைத்தான் சொல்றேன், நான் கூட்டிச் சொல்லலை.

அப்புறம் எனக்கு அவசரம். பொம்பளைங்க கஷ்டம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கீழ அரைக் கிலோமீட்டர்ல ஒரு டாபா இருக்கு, அங்க பாத்ரூம் உண்டுன்னு பக்கத்துக் கார்ல இருந்த பொண்ணு சொன்னா. அவளோட போனேன். அங்க நாப்பது பேர் நிக்கறாங்க. என் முறை வர்றதுக்கு ஒரு மணி நேரம். அப்புறம் ஒரு டீ குடிச்சேன். கோவில்பட்டிக்காரங்க ஒரு குடும்பம், அவங்க மாட்டினதைச் சொன்னாங்க, நாங்க மாட்டினதைச் சொன்னேன். அவருக்கு ஒரு டீ பிளாஸ்க்ல வாங்கிக்கிட்டுத் திரும்பி வந்தப்போ மணி மூணே கால். பனி பம்பர் உயரத்துக்கு ஏறியிருந்தது. எஞ்சின் ஓடிக்கிட்டே இருந்தது.

கதவைத் திறந்து ஏறி உடனே சாத்தினேன். உள்ள அப்படியொரு கதகதப்பு. அவர் நல்லாத் தூங்கறார். முகம் செக்கச்செவேல்னு இருக்கு, கன்னம் ரெண்டும் ரோஜா மாதிரி. கல்யாணத்தன்னிக்குக்கூட அந்த நிறம் கிடையாது அவருக்கு. என் அடைப்பு வேலை செய்யுதுன்னு நினைச்சேன். "எந்திரிங்க, டீ ஆறிடும்"னேன். எந்திரிக்கலை. எனக்கு வந்ததே கோபம். "நான் அங்க பாத்ரூமுக்குக் கியூல கால் மரத்துப்போய் நிக்கறேன், நீங்க இங்க ராஜாவாட்டம் தூங்கறீங்க. யாருக்கு இந்தப் பனி? நான் கேட்டேனா? பொள்ளாச்சியில எனக்கு என்ன குறைச்சல்? உங்க அம்மா இருந்தப்பவும் இப்படித்தான், நான் கத்துவேன், நீங்க தூங்குவீங்க." இப்படியே போச்சு. ஒரு பத்து நிமிஷம் இருக்கும். இன்னும் கூடவும் இருக்கும். பேசப் பேசத் தலை வலிக்குது, கண்ணு சொருகுது, குமட்டுது. கத்தினதால வர்ற தலைவலின்னு நினைச்சுக்கிட்டேன்.

அவர் அதைக் கேட்டாரா இல்லையான்னு பின்னாடி டாக்டர்கிட்ட கேட்டேன். உயிர் எத்தனை மணிக்குப் போச்சுன்னு நிமிஷக் கணக்காச் சொல்ல முடியாதும்மா, அந்தப் புகையில இருக்கற விஷ வாயுவுக்கு வாசனையும் கிடையாது, தெரியவும் தெரியாதுன்னுட்டார்.

துனி சந்த் எப்போ வந்தான்னு எனக்குத் தெரியாது. கதவு திறந்தது, குளிர் வந்தது, என் முடியைப் பிடிச்சு இழுக்கறான். ஆமா, முடியைத்தான். பனியில குப்புற விழுந்தேன். அவன் ஜாக்கி கம்பியை எடுத்து ஜன்னல் கண்ணாடியை ஒவ்வொண்ணா உடைக்கறான். நான் பனியில கிடந்துக்கிட்டு, "கண்ணாடியை உடைக்கறான், கண்ணாடியை உடைக்கறான்"னு கத்தினேனாம். பக்கத்துக் கார் பொண்ணு சொன்னா. அவரை வெளிய போட்டு, நெஞ்சை அமுக்கி, வாயில ஊதி, அரை மணி நேரம் என்னென்னமோ பண்ணினான் அவன். அவர் நிறம் மட்டும் மாறலை.

போலீஸ் சவுக்கியில என்னை ஒரு கம்பளியில சுத்தி உக்கார வெச்சிருந்தாங்க. எனக்கு எதிர்ல அவன். இன்ஸ்பெக்டர் அவனைக் கேக்கறார்: "இருபது வருஷமா ஓட்டறவன், ஜன்னல்ல கட்டை வெக்கணும்னு தெரியாதா?" அவன் என்னைப் பார்த்தான். ரொம்ப நேரம் இல்லை, ஒரு மூச்சு விடற நேரம். அப்புறம் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "மறந்துட்டேன் சாப்"ன்னான்.

அவனே சொன்னான். நான் ஒரு வார்த்தை பேசலை. என்னை யாரும் கேக்கவும் இல்லை. ஏன் அப்படிச் சொன்னான்னு எனக்கு எப்படித் தெரியும்? பயமா இருக்கலாம். ஓட்டையோட வண்டியை எடுத்தது அவன்தானே, மாட்டேன்னு சொல்லியிருக்கலாமே? என் வாக்குமூலத்தை அவங்களே ஹிந்தியில எழுதிக் கொண்டு வந்தாங்க. டிரைவரோட கவனக்குறைவு, ஜன்னலைத் திறந்து வெக்க மறந்துட்டான்னு. ரெண்டு தடவை படிச்சேன். ரெண்டு இடத்துல எழுத்துப்பிழை இருந்தது. அதைத் திருத்திட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

இப்போ பதினோரு மாசம் ஆச்சு. அவன் மேல கேஸ். கவனக்குறைவால் உயிர்ப்பலி. லைசென்ஸை வாங்கி வெச்சுட்டாங்க, ஒரு ஹோட்டல்ல பனி அள்ளி, பெட்டி தூக்கிக்கிட்டு இருக்கானாம். தீர்ப்பு எதிரா வந்தா ஜெயில், அப்புறம் ஸ்டீயரிங்கையே தொட முடியாது. வர்ற வியாழக்கிழமை குலு கோர்ட்ல என் சாட்சி. அதுக்குத்தான் போறேன். பையன் கூட வரேன்னான், நான்தான் வேண்டாம்னுட்டேன். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டு வாம்மா"ன்னான். அவனுக்கு அந்த மரத்துண்டு விஷயம் தெரியாது. யாருக்கும் தெரியாது. உங்ககிட்டதான் சொல்றேன், நாளைக்கு நீங்க யாரோ நான் யாரோ.

ஆகஸ்ட்ல ஒரு தடவை கூப்பிட்டிருந்தாங்க, அன்னிக்கு எடுத்துக்கலை, வாய்தா போட்டுட்டாங்க. வராந்தாவுல அவனும் அவன் பொண்டாட்டியும் பெஞ்சுல உக்காந்திருந்தாங்க. என்னைப் பார்த்ததும் அவன் எழுந்து இடம் கொடுத்தான். "சாருக்குக் காரியம் எல்லாம் நல்லா முடிஞ்சுதா?"ன்னு கேட்டான். முடிஞ்சுதுன்னேன். இளைச்சுப் போயிருந்தான். அவன் பொண்டாட்டி எழுந்திரிக்கலை. நான் பக்கத்துல உக்காந்ததும் முன்னாடி பார்த்துக்கிட்டே சொன்னா: "இருபது குளிர்காலம் ஓட்டியிருக்கார். ஒரு நாள்கூட அந்தக் கட்டையை மறந்ததில்லை. என்கிட்டயும் மறந்துட்டேன்னுதான் சொல்றார். நான் நம்பலை மேடம்." அவன் அவளை அதட்டினான். அவ அடங்கலை. இலவச வக்கீல் பொண்ணு ஒருத்தியைப் பிடிச்சு, அவகிட்டயும் இதையே சொல்லி வெச்சிருக்கா.

அந்த வக்கீல் பொண்ணு என்னைக் கேக்கப்போறது ஒரே கேள்வி. எனக்குத் தெரியும். ஜன்னல்ல துனி சந்த் கட்டை வெச்சானா, இல்லையா? வெச்சான்னு சொன்னா அடுத்த கேள்வி வரும், அப்போ அதை எடுத்தது யார்னு. வெக்கலைன்னு சொன்னா அடுத்த கேள்வியே கிடையாது. கூண்டை விட்டு இறங்கி வந்துடலாம். அவ்வளவுதான் விஷயம்.

நான் பொய் சொல்றவ இல்லை. இந்தப் பதினோரு மாசத்துல ஒரு பொய் சொல்லலை, நீங்களே பாருங்க, எந்த இடத்துல சொன்னேன்? கேக்கலை, சொல்லலை. அது பொய்யா? மாரல் சயின்ஸ்ல எனக்கு எப்பவும் முதல் மார்க். ஒரு விரல் இடைவெளி, அதுல ஒரு உயிர் போகுமா வருமா? அவரே வீடு மாதிரி இருக்குன்னார். ஓட்டை இருந்தது, பனி இருந்தது, அந்த பஸ் வழுக்கினது, அந்த டாபாவுல ஒரே ஒரு பாத்ரூம். இத்தனை இருக்கும்போது எல்லாரும் எதுக்கு அந்த விறகுத் துண்டையே பிடிச்சுத் தொங்கறாங்க?

ஏன் அப்படிப் பாக்கறீங்க? என்னைப் பார்த்தா அப்படித் தெரியுதா?

நான் வீட்ல சொல்லிப் பார்த்தேன். சமையலறையில, சத்தமா, ஹிந்தியிலயும் தமிழ்லயும். "இல்லை, வெக்கலை." நல்லா வருது. தடங்கலில்லாம வருது. ஆனா அங்க என்னைக் கேக்க ஆள் இல்லை பாருங்க, நானே கேட்டு நானே சொல்றது. அது வேற. அதனால ஒரு உதவி பண்ணுங்க. நீங்க கேளுங்க. உங்களுக்கு ஒண்ணும் இல்லை, ஒரு வரி. அந்த வக்கீல் பொண்ணு மாதிரி நிமிர்ந்து உக்காந்து, என் முகத்தைப் பார்த்துக் கேளுங்க. மேல உங்க வீட்டுக்காரர் எழுந்திரிச்சா எழுந்திரிக்கட்டும், பரவாயில்லை. கேளுங்க.

வெச்சான். போறதுக்கு முன்னாடி அழுத்திக்கூடப் பார்த்தான்.

சே. இது இல்லை. நீங்க சட்டுனு கேட்டுட்டீங்க. இருங்க, கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கறேன்.

ம். மறுபடி கேளுங்க.